ஃபின்ச்சிங்ஃபீல்டைச் சுற்றிச் சாலை சைக்கிள் வழிகள்: பி-சாலைகளா, ஊர்ச்சாலைகளா?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வடமேற்கு எசெக்ஸிலுள்ள ஃபின்ச்சிங்ஃபீல்டு கிராமத்தை நடுவாக வைத்து, ஒரே நாளில் போய் வரக்கூடிய சாலை சைக்கிள் வழி ஒன்றை வகுக்க நினைக்கிறேன். எங்கள் குழுவில் பெரும்பாலோர் கிழக்கு லண்டனில் வசிப்பவர்கள். ஞாயிறு காலை கேம்பிரிட்ஜ் செல்லும் ரயிலில் சைக்கிளோடு ஏறி ஆட்லி எண்டு நிலையத்தில் இறங்கி, மாலை இருட்டுவதற்குள் அங்கேயே திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம்.

இப்போதைக்கு நான் வரைந்திருக்கும் வழி எளிமையானது. ஆட்லி எண்டு நிலையத்துக்கு அருகிலுள்ள சாஃப்ரன் வால்டனிலிருந்து பி1053 சாலையில் (பி என்பது ஏ சாலைகளுக்கு அடுத்த நிலையிலுள்ள, எண் கொண்ட சாலை) ராட்விண்டர், கிரேட் சாம்ப்ஃபோர்டு வழியாக ஃபின்ச்சிங்ஃபீல்டு, அங்கிருந்து பி1057இல் கிரேட் பார்ட்ஃபீல்டு, பிறகு தாக்ஸ்டெட், கடைசியாக பி184இல் மீண்டும் சாஃப்ரன் வால்டன். எல்லாம் சேர்த்து 50 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். 2014 ஜூலை 7 அன்று டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் மூன்றாம் கட்டம் கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் வரை 155 கிலோமீட்டர் நடந்தபோது, வீரர்கள் சாஃப்ரன் வால்டன், ஃபின்ச்சிங்ஃபீல்டு, பிரெயின்ட்ரீ வழியாகத்தான் போனார்கள். அவர்கள் போன சாலையில் நாமும் மிதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இதில் கலந்திருக்கிறது. அப்பகுதியை அறிந்தவர்கள் குறைநிறைகளைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

எசெக்ஸ்வாசி

நெடுவழி அவர்களே, ஆசை நியாயமானதுதான். ஆனால் அன்று அந்த வீரர்களுக்காகச் சாலையை முழுவதுமாக மூடியிருந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டியதும் பி1053இல் வேக வரம்பு பல இடங்களில் மணிக்கு 60 மைல். சாலையோ அவ்வளவு அகலமானதன்று. வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. அதிலும் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது ஞாயிற்றுக்கிழமை. வெயில் அடிக்கும் ஞாயிறுகளில் ஃபின்ச்சிங்ஃபீல்டின் குளக்கரைப் புல்வெளி மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் இடம் என்பது இப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வருவதும் போவதும் நீங்கள் சொன்ன அதே பி-சாலைகளில்தான். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. வளைவும் நெளிவுமான சாலை அவர்களுக்கும் பிடிக்கிறது. ஆனால் அவர்களின் வேகத்தோடு நம் வேகம் ஒத்துப்போகாது.

பி184 அதைவிட மோசம். தாக்ஸ்டெட்டுக்கும் சாஃப்ரன் வால்டனுக்கும் இடையே கார்களும் லாரிகளும் ஓடும் முதன்மைச் சாலை அது. பயணத்தின் முடிவில், கால்கள் தளர்ந்திருக்கும் நேரத்தில், அப்படிப்பட்ட சாலையை வைப்பது சரியான திட்டமாக எனக்குப் படவில்லை.

இந்த வட்டாரத்தின் உண்மையான செல்வம் எண் இல்லாத ஊர்ச்சாலைகளே. டெப்டனிலிருந்து தாக்ஸ்டெட், தாக்ஸ்டெட்டிலிருந்து லிண்ட்செல் வழியாகக் கிரேட் பார்ட்ஃபீல்டு, ஸ்டீப்பிள் பம்ப்ஸ்டெட்டிலிருந்து ஹீலியன்ஸ் பம்ப்ஸ்டெட் எனக் கிராமத்துக்குக் கிராமம் தொடர்பு உண்டு. ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலம், இருபுறமும் உயிர்வேலி, இடையிடையே ஒதுங்கி வழிவிட ஓர் இடம். கார்கள் வராமல் இல்லை. ஆனால் அந்த அகலத்தில் ஓட்டுநர் வேகம் எடுக்க முடியாது. வழியை முழுக்க இவற்றிலேயே மாற்றி அமையுங்கள்.

பழைய சங்கிலி

எசெக்ஸ்வாசி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறு பாதிக்கு மறுப்பு உண்டு, ஏனென்றால் அவர் மே மாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

இந்த நிலம் பனியாறுகள் விட்டுச் சென்ற களிமண். சுண்ணாம்புத் துண்டுகளும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்த கனத்த மண்; நீரை எளிதில் உள்வாங்காது. அக்டோபர் தொடங்கியதும் டிராக்டர்கள் வயலிலிருந்து அதைச் சாலைக்கு இழுத்து வருகின்றன. சர்க்கரைக்காக விளைவிக்கும் பீட்ரூட் வகை ஒன்று இங்கே உண்டு; அதை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அள்ளி லாரிகளில் ஏற்றுகிறார்கள். அந்த வாரங்களில் ஊர்ச்சாலையின் நடுவே பச்சைப் பாசிக் கோடு, இருபுறமும் குழைந்த சேறு, சேற்றுக்கடியில் உடைந்த சிக்கிமுக்கிக் கல் என்றுதான் இருக்கும். அந்தக் கல்லின் விளிம்பு சவர அலகைப் போல டயரைக் கீறிவிடும்.

வேலியின் கதை தனி. இங்கிலாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், வயலோர வேலிகளை வெட்டுவதற்குத் தடை உண்டு. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் பூட்டிய வெட்டுப்பொறியோடு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். வேலிகளில் பாதிக்கு மேல் ஹாதார்ன், பிளாக்தார்ன் முள்செடிகள். வெட்டிய சிம்பு அப்படியே சாலையில் கிடக்கும். சைக்கிள்காரர்களுக்கு அது பஞ்சர் பருவம்.

உறைபனி விழும் காலையில் உப்புத் தூவும் வண்டி முக்கியச் சாலைகளுக்குத்தான் முதலில் வருகிறது. எண் இல்லாத குறுஞ்சாலைக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. வயலிலிருந்து கசியும் நீர் சாலையின் குறுக்கே உறைந்து கிடப்பதைக் கறுத்த தாரின்மேல் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மோட்டார் சைக்கிள்காரர்களும் வீட்டிலிருக்கும் காலத்தில், பி1053தான் எனக்குப் பாதுகாப்பான சாலை. எந்தச் சாலை நல்லது என்ற கேள்வியை எந்த மாதத்தில் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

புதிய மிதி

நான் இந்தக் குழுவுக்குப் புதியவன். சாலை சைக்கிள் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. எசெக்ஸ் என்றால் தட்டையான நிலம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா? என் சைக்கிளில் 25 மில்லிமீட்டர் டயர் இருக்கிறது. இந்தச் சாலைகளுக்கு அது போதுமா? வரைபடத்தில் வழி போடும்போது செயலி சில இடங்களில் மண்பாதைக்குள் கொண்டு போய் விடுகிறது என்றும் கேள்விப்பட்டேன். பெரியவர்கள் விளக்கினால் நன்று.

கேம்பிரிட்ஜ்க்காரி

தம்பி, தட்டை என்ற பேச்சு தெற்கே தேம்ஸ் கழிமுகத்தை ஒட்டிய பகுதிக்குப் பொருந்தலாம். வடமேற்கு மூலைக்குப் பொருந்தாது. எசெக்ஸின் மிக உயர்ந்த இடம் சாஃப்ரன் வால்டனுக்கு மேற்கே கிரிஷால் அருகில் 147 மீட்டர்தான். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் பான்ட் ஆறும் அதில் சேரும் சிற்றோடைகளும் மேட்டு நிலத்தை வெட்டி வெட்டிப் போயிருப்பதால், ஒவ்வொரு கிராமத்துக்கும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. ஃபின்ச்சிங்ஃபீல்டிலேயே ஓடைப் பாலத்தைத் தாண்டித் தேவாலயத்தை நோக்கி ஏறும் சாலை குட்டையானது, ஆனால் சரியான கியரில் இல்லாவிட்டால் மூச்சு வாங்கும். ஓர் ஏற்றமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளாது. அப்படிப்பட்டவை அடுக்கடுக்காக வருவதுதான் களைப்பு. 60, 70 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் 500 மீட்டரைத் தாண்டிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் பாருங்கள். இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். மேட்டு வயல்களில் அதைத் தடுக்க மரம் குறைவு. கிழக்கு நோக்கிப் போகும்போது நாம் பெரிய வீரர்கள் என்று தோன்றும். திரும்பும்போது கணக்குத் தீர்க்கப்படும். ரயில் நிலையம் மேற்கே இருப்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது. ஆகவே போகும்போது பலத்தை எல்லாம் செலவழித்துவிடாதீர்கள்.

டயர் 25 என்றாலும் கோடையில் போய்வரலாம். சட்டகத்தில் இடமிருந்தால் 28 அல்லது 32 போட்டுக் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டுங்கள். இந்தச் சாலைகளின் சொரசொரப்புக்கு அதுவே ஏற்றது. முள் குத்தினால் புது டியூப்பை உடனே மாட்டிவிட வேண்டாம். பிளாக்தார்ன் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். டியூப்பில் ஓட்டை எங்கே என்று கண்டு, டயரில் அதற்கு நேரான இடத்தை உட்புறம் வெளியே வரும்படி மடக்கி, விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். கீறுகிற இடத்தில் ரப்பரைப் பிதுக்கினால் அரிசி நொய் அளவுக்கு முள் தலைகாட்டும். நகத்தாலோ சிறு இடுக்கியாலோ பிடுங்கிவிடலாம். இதைச் செய்யாமல் மாட்டினால் இரண்டாவது டியூப்பும் ஒரு மைலுக்குள் போகும்.

வரைபடம் பற்றி: பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரிசையில் 195ஆம் தாள் பிரெயின்ட்ரீயையும் சாஃப்ரன் வால்டனையும் உள்ளடக்கியது. செயலி வரைந்த கோட்டை அதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா வண்டிகளுக்கும் திறந்த பழம்பாதைகள் சில இங்கே உள்ளன. சட்டப்படி போகலாம், ஆனால் களிமண் தடம். கோடையில் இறுகிக் கிடக்கும், மழையில் சக்கரமே சுற்றாது. பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டிலிருந்து பிரெயின்ட்ரீ வரை பழைய ரயில் தடத்தில் அமைந்த ஃபிளிச் வே 15 மைல் நீளத்துக்குக் கார் இல்லாத பாதைதான். அதுவும் மண்ணும் சரளையும் கலந்தது என்பதால் மெல்லிய டயருக்கு உகந்ததன்று.

எசெக்ஸ்வாசி

பழைய சங்கிலி ஐயாவின் மறுப்பு சரியே. குளிர்காலத்தில் ஊர்ச்சாலைகளை நானும் பரிந்துரைக்க மாட்டேன். அதோடு ஒன்று சேர்க்கிறேன்: மழைக்குப் பின் தாழ்வான இடங்களில் ஓடை சாலைக்கு ஏறிவிடும். ஃபின்ச்சிங்ஃபீல்டு கிராமமே வெள்ளத்துக்கு ஆளாகும் ஊர். அதற்கு மேல்பக்கமுள்ள ஸ்பெயின்ஸ் ஹால் பண்ணையில் 2019இல் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்குகள் இரண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை ஓடையில் கட்டும் அணைகள் நீரின் வேகத்தைக் குறைக்கும் என்பது திட்டம். சாலையின்மேல் ஓடை ஓடும் இடங்களில் எவ்வளவு ஆழமற்றதாகத் தெரிந்தாலும் மிதித்துக் கடக்காதீர்கள். அடியிலுள்ள கான்கிரீட்டில் பாசி படிந்திருக்கும், முன்சக்கரம் நழுவும். பக்கத்தில் நடைபாலம் இருக்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

கோடையிலும் தொல்லை இல்லாமலில்லை. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அறுவடை இயந்திரம் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும்; ஒதுங்கி நில்லுங்கள், ஓட்டுநர் கையசைத்துப் போவார். சாலைக்குப் புதுத் தார் தெளித்துச் சரளை தூவி விடும் பணியும் அந்த மாதங்களில்தான். மணிக்கு 20 மைல் என்று தற்காலிகப் பலகை இருந்தால், வளைவில் பிரேக் பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குதிரையில் வருவோர் ஏராளம். பின்னாலிருந்து ஓசையில்லாமல் நெருங்கினால் குதிரை மிரளும். தூரத்திலேயே குரல் கொடுத்து, மெதுவாக, விலகிக் கடக்க வேண்டும்.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. சொன்னவற்றைக் கொண்டு வழியை மாற்றியிருக்கிறேன். மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரைக்கான வழி இது.

ஆட்லி எண்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக நியூபோர்ட்டில் இறங்குகிறோம். அங்கிருந்து டெப்டனுக்கு ஏறும் ஊர்ச்சாலை, பிறகு தாக்ஸ்டெட். பி184ஐத் தாக்ஸ்டெட் ஊருக்குள் மட்டும் தொட்டுவிட்டு லிண்ட்செல் வழியாகக் கிரேட் பார்ட்ஃபீல்டு. அங்கிருந்து ஃபின்ச்சிங்ஃபீல்டுக்கு நான்கு கிலோமீட்டர் போல பி1057இலேயே போகிறோம்; சுற்றிப் போகும் வழிகளைவிடக் காலை பத்தரைக்கு முன் அதைக் கடந்துவிடுவது எளிது. ஃபின்ச்சிங்ஃபீல்டிலிருந்து கார்னிஷ் ஹால் எண்டு, ஸ்டீப்பிள் பம்ப்ஸ்டெட், ஹீலியன்ஸ் பம்ப்ஸ்டெட், காசில் காம்ப்ஸ், ஆஷ்டன் என்று வடக்கே ஒரு வளைவு. கடைசியில் சாஃப்ரன் வால்டன் வழியாக ஆட்லி எண்டு நிலையம். ஏறத்தாழ 65 கிலோமீட்டர். குளிர்காலத்துக்கு முதலில் வரைந்த வழியையே பி184 இல்லாமல், பி1053இல் போய் அதிலேயே திரும்பும் குறுகிய பயணமாக வைத்துக்கொள்கிறேன். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதால் அதற்குமேல் நீட்ட இடமில்லை.

பழைய சங்கிலி

இந்த வழி நன்றாக இருக்கிறது. கார்னிஷ் ஹால் எண்டு வரை பி1057இல்தான் போக வேண்டியிருக்கும் என்பதை மட்டும் குழுவினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிக பலமுள்ளவர்கள் ஃபின்ச்சிங்ஃபீல்டில் பிரிந்து கிழக்கே போகலாம். வெதர்ஸ்ஃபீல்டு, பிளாக்மோர் எண்டு, சிபிள் ஹெடிங்ஹாம் தாண்டிக் காசில் ஹெடிங்ஹாம்; அங்கே 12ஆம் நூற்றாண்டு நார்மன் கோட்டையின் கற்கோபுரம் இன்றும் நிற்கிறது. திரும்பும்போது கிரேட் யெல்டம், டாப்ஸ்ஃபீல்டு, ஸ்டாம்போர்ன் வழியாக கார்னிஷ் ஹால் எண்டில் வந்து சேரலாம். ஏ1017 சாலையை இரண்டு இடங்களில் எதிர்கொள்ள வேண்டும். அங்கே மட்டும் கவனம். ஜூலையில் லண்டனிலிருந்து டன்விச் கடற்கரை வரை இரவு முழுக்க மிதிக்கும் டன்விச் டைனமோ பயணமும் இந்தப் பக்கமாகத்தான் ஹெடிங்ஹாமை நோக்கிப் போகிறது.

புதிய மிதி

இரண்டு பேர் பக்கம்பக்கமாகப் போகலாமா? போன மாதம் வேறோர் ஊரில் அப்படிப் போனபோது பின்னால் வந்த கார்க்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.

மட்டுறுத்துநர்

இந்தக் கேள்வி மற்ற இழைகளில் சண்டையாக மாறியிருப்பதால் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதித்தொகுப்பின்படி இருவர் பக்கம்பக்கமாகப் போகலாம். புதியவர் ஒருவர் உடனிருந்தால் அதுவே பாதுகாப்பு என்றும் அது சொல்கிறது. பின்னால் வண்டி வந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒரே வரிசையாகியோ நின்றோ வழிவிட வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. 30 மைல் வரையான வேகத்தில் நம்மைக் கடக்கும் வண்டி குறைந்தது 1.5 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். குறுஞ்சாலையில் அந்த இடைவெளிக்கே இடமிராது என்பதால், ஒதுங்கிடம் வரும்வரை சாலை நடுவில் போய், வந்ததும் வழிவிடுவதே முறை.

கேம்பிரிட்ஜ்க்காரி

நிறுத்தங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஃபின்ச்சிங்ஃபீல்டில் குளக்கரைத் தேநீர்க்கடைகள் மதியத்துக்கு மேல் நிரம்பி வழியும், காலையிலேயே முடித்துவிடுங்கள். தாக்ஸ்டெட்டில் நிற்க நேரம் ஒதுக்குங்கள். 1804இல் கட்டிய காற்றாலை, அதன் கீழே ஏழை முதியோருக்காகக் கட்டிய பழைய தருமவீடுகள், உயரமான கூம்புக் கோபுரத்தோடு தேவாலயம் எல்லாம் நூறு தப்படிக்குள் இருக்கின்றன. இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் அந்த ஊரில் குடியிருந்தார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஹெம்ப்ஸ்டெட். ஹீலியன்ஸ் பம்ப்ஸ்டெட்டிலிருந்து தெற்கே சிறிது விலகினால் வந்துவிடும். வழிப்பறிக்காரன் டிக் டர்பின் பிறந்த ஊர் என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். அங்குள்ள தேவாலயத்தில்தான், இதயம் குருதியை உடல் முழுவதும் சுற்றிவரச் செய்கிறது என்று 1628இல் எழுதிய மருத்துவர் வில்லியம் ஹார்வியின் உடல் இருக்கிறது. கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்துப் பார்த்து மிதிக்கும் நம் குழுவினர் ஐந்து நிமிடம் அங்கே நிற்பதில் ஒரு பொருத்தம் உண்டு என்பது என் எண்ணம்.

தண்ணீருக்கு இரண்டு பெரிய குப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தாக்ஸ்டெட்டையும் ஃபின்ச்சிங்ஃபீல்டையும் விட்டால், ஞாயிறு பிற்பகலில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக்கூடிய ஊர் சாஃப்ரன் வால்டன் வரை இல்லை. தேவாலயத் தோட்டக் குழாய்கள் பூக்களுக்கானவை; குடிநீர் என்று எழுதியிருந்தாலொழிய நிரப்பாதீர்கள்.

புதிய மிதி

விளக்கங்களுக்கு நன்றி. கடைசியாக ஒன்று: நடுவழியில் முடியாமல் போனால் என்ன செய்வது? ஞாயிறுகளில் ரயில் ஓடாமல் பேருந்து விடுகிறார்களே, அதில் சைக்கிளை ஏற்றுவார்களா?

நெடுவழி

மாற்றுப் பேருந்தில் மடிக்கும் சைக்கிளைத் தவிர வேறெதையும் பொதுவாக ஏற்றுவதில்லை. ஆகவே முந்தின வாரமே தடத்தில் பராமரிப்புப் பணி உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் தேதியை உறுதிசெய்வேன். வார நாள்களில் வருவதாக இருந்தால், நெரிசல் நேர ரயில்களில் லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்குச் சாதாரணச் சைக்கிளைக் கொண்டு போக அனுமதியில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

நடுவழியில் நிறுத்த வேண்டியிருந்தால் ஃபின்ச்சிங்ஃபீல்டில் முடிவெடுத்துவிடுங்கள். அங்கிருந்து பிரெயின்ட்ரீ ரயில் நிலையம் வெதர்ஸ்ஃபீல்டு, ஷால்ஃபோர்டு வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். ஆற்றுப் போக்கிலேயே போவதால் பெரிய ஏற்றமில்லை, காற்றும் பக்கவாட்டில்தான் இருக்கும். ஸ்டீப்பிள் பம்ப்ஸ்டெட்டைத் தாண்டிவிட்டால் திரும்புவதற்கும் முடிப்பதற்கும் ஒரே தூரம்தான். வழிக்கான வரைபடக் கோப்பையும் பிரெயின்ட்ரீக்கான கிளை வழியையும் இன்று இரவு இணைக்கிறேன். வருகிறவர்கள் தங்கள் டயரின் அகலத்தையும் எடுத்து வரும் டியூப்களின் எண்ணிக்கையையும் இங்கே குறிப்பிட்டால், உதிரிகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.